அழுத்தும் விரல்

1999 செப்டம்பர் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அமேசான் நிறுவனத்துக்கு ஒரு காப்புரிமை வழங்கியது. எண் 5,960,411. பெயர், முகவரி, கடன் அட்டை விவரம் எல்லாவற்றையும் முன்பே கொடுத்து வைத்திருக்கும் வாடிக்கையாளர், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், பொருள் வாங்கியாகிவிடும். மறுபடி எதையும் நிரப்ப வேண்டாம். காப்புரிமை இந்த ஏற்பாட்டுக்குத்தான். கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் ஜெஃப் பெசோஸின் பெயரும் இருந்தது.

அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தக விற்பனை நிறுவனத்தின்மீது அமேசான் வழக்குப் போட்டது. அவர்களுடைய இணையக் கடையிலும் அதேபோல ஒரே அழுத்தத்தில் புத்தகம் வாங்கலாம். டிசம்பர் 1ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விற்பனை சூடுபிடிக்கும் வேளையில், சியாட்டில் நீதிமன்றம் தடை விதித்தது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன் கடையில் இன்னொரு அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டது. வாங்குகிறேன் என்று ஒருமுறை, ஆமாம் என்று மறுமுறை. அந்த இரண்டாவது அழுத்தத்தால் வாசகருக்கு நன்மை இல்லை, கடைக்காரருக்கும் இல்லை. இது வேறொருவருடைய வேலி என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவது மட்டுமே அதன் வேலை. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2002இல் இரு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. அதற்குள் ஆப்பிள் நிறுவனம் பணம் கட்டி அனுமதி வாங்கியிருந்தது. காப்புரிமை 2017 செப்டம்பர் வரை உயிரோடு இருந்தது.

நடுவில் இரண்டு நிகழ்ச்சிகள். எதிர்ப்பு வலுத்தபோது பெசோஸே 2000 மார்ச்சில் ஒரு திறந்த மடல் எழுதினார். மென்பொருள் காப்புரிமைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆயுள் போதும் என்பது அவருடைய யோசனை. ஆனால் தன்னிடம் இருந்ததை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொன்று நியூசிலாந்தில் நடந்தது. பீட்டர் கால்வெலி என்ற நடிகர், ஆர்டர் செய்த புத்தகம் தாமதமாக வந்த கோபத்தில், அந்தக் காப்புரிமையை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அமெரிக்க அலுவலகத்துக்கு விண்ணப்பித்தார். கட்டணத்துக்கு ஊர் பேர் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள். 2007இல் அதன் பெரும்பாலான கோரிக்கைகளை அலுவலகம் நிராகரித்தது. அமேசான் வாசகத்தைக் கொஞ்சம் திருத்திக் கொடுத்தபின் 2010இல் மறுபடி ஏற்றுக்கொண்டது. ஒரு தனிமனிதரின் கோபம் அந்த அளவுக்காவது போனது என்பதில் எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

அதே 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாக வந்தது தமிழ் 99 விசைப்பலகை. இந்தக் கட்டுரையை அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ‘அம்மா’ என்று அடிக்க வேண்டுமானால் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள். புள்ளி வைக்கத் தனியாக அழுத்த வேண்டியதில்லை. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவது புள்ளி பெறும் என்பதைத் தமிழின் ஒலியமைப்பே சொல்லிவிடுகிறது. அதை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ‘தம்பி’ என்றால் த, ம, ப, இ. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் மெல்லினத்தின் தலையில் புள்ளி தானாக ஏறிவிடும். தமிழில் ஒரு பக்கம் அடிப்பவருக்கு இதனால் எத்தனை அழுத்தங்கள் மிச்சம் என்பது அடித்துப் பழகியவருக்குத் தெரியும்.

ஓர் அழுத்தத்தை மிச்சப்படுத்தும் யோசனை சியாட்டிலில் தனிச்சொத்தானது. சென்னையில் அதைவிட நுட்பமான யோசனை பொதுத் தரமாக அறிவிக்கப்பட்டது. அது யாருடைய அனுமதியும் கேட்காமல் பரவியது. தன்னார்வலர்கள் அதை வைத்து இலவச மென்பொருள்கள் எழுதினார்கள். இன்று ஆப்பிள் கருவிகளிலும் விண்டோஸிலும் அது உள்ளேயே இருக்கிறது. யாராவது ஒருவர் தானாகப் புள்ளி வைக்கும் முறைக்கு இருபது ஆண்டு உரிமை வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த உரிமை 2019 வரை நீண்டிருக்கும். அந்த இருபது ஆண்டுகளில்தான் தமிழ் இணையமே உருவானது. மாலை வேலை முடிந்துவந்து இரவில் உட்கார்ந்து எழுத்துருவும் விசைப்பலகையும் செய்த இளைஞர்களில் எவரிடமும் வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்ததில்லை.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் நல்ல நிலைப்பாடு எடுத்தது என்றே நினைக்கிறேன். 2002இல் செய்த திருத்தத்தால் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு வந்தது. கணித முறை, வணிக முறை, கணினி நிரல் தன்னளவில், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு அல்ல என்கிறது அது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே இந்தக் கதவைத் திறந்துவிடப் பார்த்தார்கள். 2005 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்தப் பகுதியை எடுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மென்பொருள் காப்புரிமைக்கான ஆணை வரைவை 648க்கு 14 என்ற வாக்கில் தோற்கடித்தது. ஆனால் கதவு தட்டப்படுவது நிற்கவில்லை. 2015இல் காப்புரிமை அலுவலகம் தாராளமான வழிகாட்டுதல்களை வெளியிட்டது, எதிர்ப்பு வரவே சில மாதங்களில் நிறுத்திவைத்தது, 2016இல் கடுமையாக்கியது, 2017இல் மறுபடி தளர்த்தியது. 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு ஒன்று இருந்தால் அந்தக் கண்டுபிடிப்பைக் கணினி நிரல் என்று சொல்லி ஒதுக்கிவிடக் கூடாது என்றது. கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் எந்தப் பக்கம் விழும் என்பது இன்றைக்கும் எழுதும் வக்கீலின் கைத்திறனைப் பொறுத்ததாகத்தான் இருக்கிறது. புதிய மருந்துக்கோ புதிய இயந்திரத்துக்கோ காப்புரிமை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நிரல் எழுதுகிறவருக்கு அவர் எழுதியதன்மேல் பதிப்புரிமை உண்டு, அது போதும். கதை எழுதியவருக்குக் கதை சொந்தம். காதல் தோல்வியில் முடியும் கதையை இனி எவரும் எழுதக் கூடாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. ஒரு நிறுவனத்தின் பொத்தானில் நம் விரல் படும் விதத்துக்கு அவ்வளவு மதிப்பு. அதற்காக நீதிமன்றம் வரை போகிறார்கள். அதே விரல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானில் படும்போது மட்டும் அந்த அழுத்தம் எவ்வளவு மலிவாகிவிடுகிறது. அதன் மேலே நாற்பது ஐம்பது பக்கம் ஆங்கிலத்தில் ஓடும். படித்துவிட்டு அழுத்துகிறவர் யாரும் இல்லை என்பது எழுதியவர்களுக்கும் தெரியும். நம் ஊர்களில் ஒரு காலத்தில் கடன் கொடுப்பவர் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வார். தொகையும் வட்டியும் பிறகு எழுதப்படும். கைநாட்டு வைத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவசரமாகப் பணம் வேண்டும், அவ்வளவுதான். இன்று கையிலிருக்கும் பட்டதாரிச் சான்றிதழோடும் நாம் அந்தத் தாளின் முன்னால்தான் நிற்கிறோம். விதிமுறைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்ற வரியும் அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் பகுதியில் ஒரு மருந்துக் கடை. இருமல் மருந்து வாங்கப் போயிருந்தேன்.

“சார், நம்பர் சொல்லுங்க.”

“எதுக்குப்பா?”

“நம்பர் போடாம பில்லு வராது சார். சிஸ்டம் அப்படி.”

பின்னால் நின்ற அம்மாள் பொறுமை இழந்து, “குடுத்துட்டுப் போங்களேன், நம்பர்தானே” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரிசை நீளமாக இருந்தது. கடைப் பையனையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அவனால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாதபடி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். கைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியது. அந்த மென்பொருளுக்கு அது தெரியாது.

இப்படிச் சலித்துக்கொண்டால் வீட்டில் ஒரு பதில் காத்திருக்கும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு என்பார் என் சித்தப்பா. ஊரில் பலரும் சொல்வது இதுதான். தப்பு செய்கிறவன்தான் மறைப்பான், நமக்கு மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அந்தப் பழமொழி பிடிக்கும், ஆனால் அதை இப்படிச் சொல்வதை ஏற்க முடிவதில்லை. அது வழிப்பறிக்காரர்கள் இருந்த பாதையைப் பற்றியது. மடியில் கனத்தோடு போனவர் திருடர் அல்ல. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கொண்டு போனவர், மாடு விற்ற பணத்தோடு வீடு திரும்பியவர். பயம் அவருடைய குற்றத்தால் வந்ததல்ல, பாதையில் காத்திருப்பவர்களால் வந்தது. நம் எல்லோர் மடியிலும் கனம் இருக்கிறது. சர்க்கரை அளவு, மனநல மருத்துவர் எழுதிய மாத்திரை, கருத்தடை மாத்திரை, அடகு வைத்த சங்கிலி, மூன்றாவது முறையும் தட்டிப்போன பெண்பார்ப்பு, சாதியைச் சொல்லாமல் வாடகைக்குக் கிடைத்த வீடு. இவற்றில் எதுவும் குற்றம் இல்லை. எல்லாமே தெரியக்கூடாதவர்களுக்குத் தெரிந்தால் ஒருவரை நொறுக்கிவிடக் கூடியவை.

அந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்னதை எளிதில் கடக்க முடியவில்லை. அந்தரங்கம் வசதியானவர்களின் கவலை, ஏழைக்கு அதெல்லாம் எதற்கு என்ற பேச்சையும் கேட்கிறோம். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீட்டில் வளர்ந்தவர்கள் இதைச் சொல்வதில்லை. மறைக்க ஓர் இடம் இல்லாமல் துணி மாற்றியவருக்கு, பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரிந்தவருக்கு, அதன் அருமை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் கே.எஸ்.புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி; 2012இல் மனுப் போட்டபோதே எண்பதைக் கடந்தவர். ஆதாரை எதிர்த்துத் தொடங்கிய வழக்கு அது. அடுத்த ஆண்டு வந்த ஆதார் தீர்ப்பு திட்டத்தை ஏற்றுக்கொண்டது, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிசெய்த பகுதி உள்படச் சிலவற்றை நீக்கியது. ரேஷன் கடையில் விரல் வைக்கும் கருவியின் முன்னால் நிற்கும் வயதான பெண்களைப் பார்த்திருக்கிறேன். நாற்று நட்டு, பாத்திரம் தேய்த்து, கல் சுமந்து ரேகை தேய்ந்த விரல்கள். கருவி மறுக்கும். சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார்கள். தான் தான்தான் என்று நிரூபிக்க அந்த விரல் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. கருவிழியைப் படிக்கும் கருவி பிறகு வந்தது, சிலருக்கு அது உதவியது.

ஒருவர் அழுத்துவதால் இன்னொருவர் மாட்டிக்கொள்வதும் இருக்கிறது. என் எண் என் நண்பர்களின் கைபேசிகளில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் செயலியை நிறுவி, தொடர்புப் பட்டியலைப் பார்க்கவா என்ற கேள்விக்குச் சரி என்று அழுத்திவிட்டால், நான் எதற்கும் சம்மதிக்காமலேயே என் பெயரும் எண்ணும் போய்ச் சேர்ந்துவிடக் கூடும். அவர் எப்படிச் சேமித்து வைத்திருக்கிறாரோ அப்படியே போகும். ‘பிளம்பர்’, ‘சீட்டுக்காசு தரணும்’, ‘எடுக்காதே’.

இதன் கொடூரமான வடிவத்தைக் கடன் செயலிகளில் பார்த்தோம். ஊரடங்குக் காலத்தில் வேலை போனவர்கள் மூவாயிரம் ஐயாயிரத்துக்காக அவற்றை நிறுவினார்கள். தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்கும் அனுமதி கொடுத்தால்தான் கடன். தவணை ஒரு நாள் தவறியதும் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் செய்தி போனது. மாமனாருக்கு, மேலாளருக்கு, பிள்ளையின் டீச்சருக்கு. முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படங்கள்கூட அனுப்பினார்கள். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தற்கொலைகள் நடந்தன. கடன் கொடுத்தவரிடம் அடகாக இருந்தது நகை அல்ல, மானம். அந்த அடகுச் சீட்டில் ஒரே அழுத்தத்தில் கையெழுத்தாகியிருந்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் தொடவே கூடாது என்று விதி கொண்டுவந்தது. பயனர் சம்மதித்தாலும் கூடாது என்று பொருள்படும் இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். பசித்தவரிடம் வாங்கும் சம்மதத்தை வைத்து எதையும் நியாயப்படுத்த முடியாது என்பதை அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அன்றாட எரிச்சல்கள் இவற்றின் பக்கத்தில் சிறியவை. ஆனால் எல்லாம் ஒரே வேரிலிருந்து வருகின்றன. செய்தி படிக்கப் போனால் விளம்பரம் திரையை மறைக்கிறது. மூடும் பெருக்கல் குறி கடுகளவு, அதுவும் சில விநாடி கழித்துத்தான் தோன்றும். விரல் நழுவினால் வேறெங்கோ போய் விழுகிறோம். இப்படித் தனிச் சாளரமாகக் குதிக்கும் விளம்பரத்துக்கான நிரலை 1990களில் எழுதியவர்களில் ஒருவர் ஈதன் சக்கர்மன். டிரைபாட் என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தார். ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசப் பக்கம் ஒன்றில் வந்துவிட்டது, அவர்கள் கொதித்துப்போனார்கள். விளம்பரத்தைப் பக்கத்தோடு ஒட்டாமல் தனியே திறந்தால் பிரச்சினை தீரும் என்று நினைத்து எழுதினார். 2014இல் ஒரு கட்டுரையில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவர் வருந்தியது அந்தச் சாளரத்துக்காக மட்டும் அல்ல; எல்லாம் இலவசம், விளம்பரம் பார்த்துக்கொள்ளும், அதற்காக மனிதர்களைப் பின்தொடரலாம் என்று இணையத்தின் பொருளாதாரத்தையே அப்படி அமைத்துவிட்டோமே என்பதற்காகவும்தான். தொழில்நுட்ப உலகில் மன்னிப்புக் கேட்டவர்கள் குறைவு.

இந்திய அரசு 2023 நவம்பரில் இத்தகைய ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டு, பதின்மூன்று வகைகளைப் பட்டியலிட்டது. நாம் கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பது, இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று அவசரப்படுத்துவது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது, சந்தாவிலிருந்து வெளியேறும் வழியை ஒளித்துவைப்பது எல்லாம் அதில் உண்டு. பெயர் வைத்ததே பாதி வேலை என்று நினைக்கிறேன். இதுவரை நாம் ‘எனக்குத்தான் இந்த போன் சரியா பார்க்கத் தெரியல’ என்று நம்மையே நொந்துகொண்டிருந்தோம்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை அது திருத்திவிட்டது. பொது நடவடிக்கையோடு தொடர்புள்ள தனிப்பட்ட தகவல்களை முன்பு கேட்டு வாங்க முடிந்தது. இனி, தனிப்பட்டது என்று ஓர் அதிகாரி கையை விரிப்பது எளிது. பொதுநலன் கருதி வெளியிடலாம் என்னும் இன்னொரு பிரிவு மிச்சம் இருக்கிறது என்றாலும், நூறு நாள் வேலைப் பட்டியலில் செத்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க நினைக்கும் கிராமத்துக்காரர் அந்த வாதத்தை எங்கே போய் நடத்துவார்? அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. எளியவரைக் காக்க வேண்டிய உரிமை அதிகாரத்தில் இருப்பவர்களுக்குத் திரையாகிவிடக் கூடாது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னும் யாரும் சரியாகப் பயன்படுத்தாத மூன்று நல்ல இடங்கள் இருக்கின்றன. தேவைக்கு மேல் வாங்கிய சம்மதம் செல்லாது. தொலைமருத்துவச் செயலி ஒன்று ஒரு பெண்ணின் தொடர்புப் பட்டியலையும் கேட்டு, அவர் சரி என்று சொல்லியிருந்தாலும், சிகிச்சைக்குத் தேவையானதற்கு மட்டுமே அந்தச் சம்மதம் பொருந்தும் என்று சட்டமே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஓர் அழுத்தத்தில் வாங்கியதை ஓர் அழுத்தத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, என்ன தகவலை எதற்காக எடுக்கிறோம் என்ற அறிவிப்பை எளிய நடையில், ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். அதாவது தமிழில் கேட்டால் தமிழில் தர வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்கள் தயாராகப் பதினெட்டு மாத அவகாசம்.

என் அச்சமெல்லாம் அந்தத் தமிழ் எப்படி இருக்கும் என்பதில்தான். ஐம்பது பக்க ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு ஐம்பது பக்கத் தமிழாக எடுத்து ஒட்டிவிட்டால் சட்டத்தின் எழுத்து நிறைவேறிவிடும், வெற்றுத் தாள் வெற்றுத் தாளாகவே இருக்கும். ஒரு மருந்துக் கடைக்கான அறிவிப்பு இப்படி இருக்கலாம்: ‘உங்கள் எண்ணை ரசீது அனுப்ப மட்டும் வாங்குகிறோம். வேறு யாருக்கும் தர மாட்டோம். மூன்று மாதத்தில் அழித்துவிடுவோம். எண் தராமலும் மருந்து வாங்கலாம். முன்பே தந்ததை அழிக்க இங்கே அழுத்துங்கள்.’ ஐந்து சிறு வாக்கியங்கள், கைபேசித் திரையில் அடங்கும். மருத்துவமனைக்கு, கடன் செயலிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, திருமணத் தகவல் மையத்துக்கு என இதுபோன்ற மாதிரி வாசகங்களைத் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் சேர்ந்து இப்போதே எழுதி வெளியிடலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி. எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு ரேஷன் கடை வரிசையிலும் ஒரு மருந்துக் கடை வாசலிலும் படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுத் திருத்தலாம். 2027 மே வரை நேரம் இருக்கிறது.